மாவுக்கட்டு பிரிக்கும் வரை

ஜூன் 4, செவ்வாய்

இன்று நாற்பத்தொரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். கடைசியாக வந்தவருக்கு நரம்பே அகப்படவில்லை. இரண்டு கையிலும் தட்டித் தட்டிப் பார்த்து, மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது. அவர் பாவம், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும்போது படியில் சறுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டுப் போட்டு இரண்டு நாள் ஆகவில்லை. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நான் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தால், முதல் மாடியில், தினமும் அவள் போய்க் குளிப்பாட்டிவிடும் டைப்பிஸ்ட் அம்மா வீட்டில், ஒற்றைக் கையால் அவருக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள்.

என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அம்மா நிதானமாக, “இடது கை சும்மாதானே இருக்கு” என்றாள்.

ஜூன் 5

ஆறு வாரத்துக்கு நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு வழி? இன்னொரு கையையும் உடைத்துக்கொண்டு வந்தால் அதற்கும் நான்தான்.

ஜூன் 8

காலை ஐந்தரைக்கு எழுந்து, கீழே போய், வெந்நீர் வைத்து, அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சமையலுக்கு வரும் பெண் குளிப்பாட்டமாட்டேன் என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாளாம். புத்திசாலி. அவருடைய மகன் மாதத்துக்கு ஒருமுறை வந்து மருந்தும் பழமும் வைத்துவிட்டுப் போகிறார்.

பக்கவாதம் வந்து இடப்பக்கம் போய்விட்டதே தவிர, டைப்பிஸ்ட் அம்மாவின் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர் சுடுகிறதாம். அப்புறம் ஆறிப்போனதாம். காதுக்குப் பின்னால் சரியாகத் தேய்க்கவில்லையாம். “உங்கம்மா கை பூ மாதிரி இருக்கும்” என்றார். அம்மாவின் கையை உடைத்தது இந்த மாடிப்படிதான் என்று சொல்ல நினைத்து, காதுக்குப் பின்னால் இன்னொரு தடவை தேய்த்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தூங்கினேன். தூங்கியும் களைப்புத் தீரவில்லை.

ஜூன் 13

அந்தக் கடிதத்தை நினைக்காமல் அவர் முதுகைத் தேய்க்க முடியவில்லை. எழுதிவிட்டாலாவது கனம் குறைகிறதா பார்ப்போம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனார். அப்போது பதினொரு வருடமாக நான் சபையின் ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். சபைக் கமிட்டிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. குடும்பத்தைக் கட்டிக் காக்கத் தெரியாதவள் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பாள் என்று. கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்களேன் என்று கமிட்டி பக்குவமாகச் சொன்னது. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

கடிதம் டைப் அடித்திருந்தது. எங்கள் சபையில் டைப்ரைட்டர் வைத்திருந்தது ஒரே ஆள்.

இது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் தினம் போகிறாள். பெற்ற மகளைவிட டைப்பிஸ்ட் அம்மா பெரிதா? கேட்டால், நான் சின்னப் புத்திக்காரி ஆகிவிடுவேன். அதனால் கேட்பதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்று போனேன். ஜெபப் பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். பெயர் எழுதவில்லை. போதகர் தன் அறையில் தனியாக வாசித்து ஜெபிப்பார், கிழித்துப் போடுவார், அவ்வளவுதான். கடவுளிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லாதவர்களுக்குத்தானே அந்தப் பெட்டி.

ஜூன் 20

தம்பி போன் பண்ணினான். அம்மாவை ரொம்ப வேலை வாங்காதே அக்கா என்றான். சரி என்றேன். அவனிடம் சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

ஜூன் 23, ஞாயிறு

என்ன சொல்ல. போதகர் விடுப்பில் போயிருக்கிறார். அவருக்குப் பதிலாக வந்தவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. பெட்டியைத் திறந்து எல்லாச் சீட்டையும் மைக்கில் வாசித்துவிட்டார். ஆறாவதோ ஏழாவதோ என்னுடையது.

“என் தாயார் ஊருக்கெல்லாம் உழைப்பதை நிறுத்தி வீட்டில் அடங்கி இருக்கும்படி கர்த்தர் அவர்கள் மனதை மாற்ற வேண்டும். மகளுக்கு முடியவில்லை.”

பக்கத்தில் அம்மா. நான் தரையைப் பார்த்தபடி இருந்தேன். அப்புறம் எல்லாருக்கும் முன்னால் அம்மாதான் “ஆமென்” என்றாள். நல்ல உரத்த குரலில்.

வரும் வழியெல்லாம் அம்மா வெண்டைக்காய் முற்றல் என்று பேசிக்கொண்டு வந்தாள்.

ஜூன் 25

அம்மா காலையில் வாய்விட்டு ஜெபிப்பது வழக்கம். நேற்றும் இன்றும் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. “களைச்சுப் போயிருக்கிற அந்த மகளுக்குப் பெலன் கொடுங்க ஆண்டவரே.” நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அவசரமாகக் கீழே ஓடிவிட்டேன்.

தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா? எது மோசம்?

ஜூன் 29, சனி

உடைந்துவிட்டேன். மாவுக்கட்டில் ஈரம் படாமல் அம்மாவுக்குப் பாலித்தீன் பை சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்தச் சீட்டு நான் எழுதினதுதான்மா என்றேன்.

“தெரியும்டி. நம்ம சபையில பெத்த தாய் மேல ரிப்போர்ட் எழுத வேற யாரு இருக்கா?”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அப்புறம் மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். அந்த லெட்டர் எழுதினவளைப் போய் எப்படிம்மா தொட்டுக் குளிப்பாட்டுற, உனக்குக் கோபமே வராதா? மன்னிப்பு, அன்பு என்று ஏதாவது சொல்வாள், நானும் வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

பை சுற்றிய கையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “கோபம் வராமலா? அவளை நாலு கேள்வி கேக்கணும்னு ஒரு வாரமா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். அதைக் கேக்கத்தான் முதல் முதல்ல அவ வீட்டுக்கே போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ள போனா, குளியலறையில வாய் கோணி விழுந்து கிடக்கிறா. ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கா. அப்படிக் கிடக்கிறவளை என்னன்னு திட்டுறது? சரி, முதல்ல தூக்குவோம், கழுவி விடுவோம், அப்புறம் திட்டிக்கலாம்னு நினைச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் தினம் ஒரு வேலை இருக்கே. இன்னும் திட்ட நேரம் அமையல.”

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. அம்மாவுக்கும் அது சுலபமாக இல்லை. ஒரு நாள்கூட இல்லை. நான்தான் அவள் பிறவியிலேயே அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6

தினமும் அதே வாளி, அதே குறை. இடுப்பு விட்டுப்போகிறது.

ஜூலை 15, திங்கள்

கட்டுப் பிரித்தாயிற்று. கை நன்றாகக் கூடியிருக்கிறது, வழக்கமான வேலையெல்லாம் செய்யலாம் என்றார் டாக்டர். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். நாளையிலிருந்து அவளே போகிறாளாம். நான் தடுக்கவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜூலை 18

மூன்று நாளாக ஆறரை வரை தூங்குகிறேன். இன்று ஐம்பது பேர். களைப்பு இருக்கிறது, ஆனால் அது அந்த நாளின் களைப்பு மட்டும்தான்.

ஜூலை 20, சனி

விடுமுறை. ஒன்பது மணி வரை தூங்குவது என்று தீர்மானம் செய்திருந்தேன். ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. அம்மா சோப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நான் போகிறேன் என்றேன்.

“திட்டவா?” என்றாள்.

“ஆமா.”

“சரி. துண்டை மறந்துடாதே.”

டைப்பிஸ்ட் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். வாளியை நிரப்பினேன். மனப்பாடம் எதுவும் செய்துகொண்டு போகவில்லை. அந்த லெட்டரை எழுதினது நீங்கதானே என்று மட்டும் கேட்டேன்.

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறந்துவிட்டது என்பார், அழுவார், ஏதோ ஒன்று. அவர் சுவரைப் பார்த்தபடி, “ஆமா” என்றார். “ரெண்டு காப்பி டைப் அடிச்சேன். ஒண்ணு கமிட்டிக்கு. இன்னொண்ணு அலமாரியில இருக்கு. கிழிக்கவும் மனசில்ல, வச்சிருக்கவும் முடியல.”

வாளியில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

“இப்ப என்ன, திட்டிட்டுக் குளிப்பாட்டுவியா, குளிப்பாட்டிட்டுத் திட்டுவியா?” என்றார். நல்ல பக்கத்துக் கை நாற்காலியை இறுகப் பிடித்திருந்தது.

தண்ணீர் ஆறிவிடும்போல் இருந்தது. தலைக்கு ஊத்தப் போறேன், கண்ணை மூடிக்கங்க என்றேன்.