திறந்த பாத்திரத்தில் ஆறு மணி நேரம்

கொடைக்கானல்
7 ஜூலை 2024

அன்புள்ள டெனிஸ்,

மாதா அருளால் நானும் மாமாவும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். நீங்கள் இருக்கிற குவாங்சோவில் வாட்ஸ்ஆப் திறக்காது. நான் வேலை பார்க்கிற பூண்டியில் டவர் எடுக்காது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போடுகிற போன் உங்கள் அப்பாவோடு பேசவே சரியாகிவிடுகிறது. கல்யாணமான மூன்றாம் வருஷத்தில் மின்னஞ்சலில் குடும்பம் நடத்துகிற ஜோடி இந்த மலையில் நாம் மட்டும்தான் இருப்போம்.

உங்கள் சீனத்து நாபிச்செடி எங்கள் பூண்டி ஆராய்ச்சித் தோட்டத்தில் நன்றாக வந்துவிட்டது. போன வருஷம் நீலமாகப் பூத்தபோது பக்கத்துப் பூண்டு வயல் திருமலைச்சாமி அண்ணன், "பூவு அழகாத்தான் இருக்கு. மாடு தின்னா என்னம்மா செய்யும்?" என்று கேட்டார். "செத்துப்போகும்ண்ணே" என்றேன். மறுநாள் வெள்ளனே வந்து அவரே வேலி போட்டுவிட்டார். அந்த வேலிக்குள் இந்த வாரம் வேர் தோண்டியாயிற்று. கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

இந்த மழைக்கு மாமாவின் முழங்காலும் விரல் மூட்டும் வீங்கிக் கிடக்கின்றன. ஜெபமாலை உருட்டக்கூட முடியவில்லை. பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு.

ஒரு சந்தேகம். வேரை ஆறு மணி நேரம் கொதிக்க வைத்து, சோதனைக்கு உங்கள் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். குக்கரில் வைக்கலாமா? விறகாவது மிச்சமாகும்.

உங்கள்
அனிட்டா

குவாங்சோ
9 ஜூலை 2024

என் அன்பு அனிட்டா,

திருமலைச்சாமி அண்ணனின் வேலியை நினைத்து ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

குக்கர் கூடவே கூடாது. திறந்த பாத்திரம்தான். இங்கே பரம்பரை வைத்தியர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த முறை விஷத்தை எப்படி முறிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சியே. பச்சை வேர் இதயத்தை நிறுத்திவிடும். தளதளவென்று ஆறு மணி நேரம் கொதித்தால் விஷம் உடைந்து, வலி குறைக்கிற குணம் மட்டும் தங்கும். நம் சித்த வைத்தியத்தில் நாபி வேரைச் சுத்தி செய்து நஞ்சு நீக்குகிறார்களே, அதுபோல. இங்கே கொதிக்க வைத்த ஒவ்வொரு தடவையும் சுத்தமாக வந்திருக்கிறது.

நீ கொதிக்க வைக்கிற வேரில் ஒரு துண்டைக் கஷாயம் வைத்து அப்பாவுக்குக் கொடு. மாதிரி இங்கே வந்து சோதனை முடிய ஒரு மாதம் ஆகும். அதுவரை அவர் வலியில் கிடக்க வேண்டுமா? பேராசிரியருக்கு மட்டும் தெரிய வேண்டாம். சோதிக்காததை மனிதருக்குக் கொடுத்தது தெரிந்தால் என் ஃபெலோஷிப் போய்விடும்.

முத்தங்களுடன்,
டெனிஸ்

கொடைக்கானல்
12 ஜூலை 2024

அன்புள்ள டெனிஸ்,

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் இந்த வேரைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் இந்த மலையில் இல்லை. அதனால் செய்கிறேன்.

இன்று பூண்டிக்குப் போகவில்லை. கொல்லையில் கல் கூட்டி, பெரிய பாத்திரத்தை ஏற்றிவிட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தே இதைத் தட்டுகிறேன். மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குளிர் காய்கிறார். "எனக்குக் கஷாயமா, இல்ல ஊருக்கே பிரியாணியாம்மா?" என்று கேலி வேறு. அத்தை போன பிறகு அவர் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

நாளைக் காலையில் கொடுக்கிறேன்.

அனிட்டா

மதுரை
14 ஜூலை 2024

டெனிஸ்,

மாமா பிழைத்துவிட்டார். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை கஷாயம் குடித்துக் கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துப்போகிறது என்றார். அப்புறம் நாக்கு. "கையில எறும்பு ஊருதும்மா" என்றார். வாந்தி. நாடியைப் பிடித்துப் பார்த்தால் நாலு துடிப்பு, அப்புறம் ஒன்றுமில்லை, மறுபடி தடதடவென்று. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் காட்ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வளைவோடு முடிந்துவிடுமோ என்று இருந்தேன். டாக்டரிடம் என்ன வேர் என்று மறைக்காமல் சொல்லிவிட்டேன். சொன்னதால்தான் பிழைத்தார்.

திண்டுக்கல்லிலிருந்து உங்கள் அக்கா வந்துவிட்டார். "எங்கப்பாவுக்கு என்னத்தடி குடுத்த?" என்று வார்டு வாசலிலேயே கேட்டார். உங்களைக் கேட்கச் சொன்னேன். தயவுசெய்து இசபெல்லா மதினியிடம் நீங்கள் பேசுங்கள்.

அனிட்டா

குவாங்சோ
15 ஜூலை 2024

அனிட்டா,

நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அக்காவிடம் பேசிவிட்டேன்.

உண்மையைச் சொல். நடுவில் அடுப்பு அணைந்ததா? ஏதோ சோலியில் முன்னாடியே இறக்கிவிட்டாயா? இங்கே ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை. முழு நேரமும் கொதித்திருந்தால் விஷம் இருக்கவே முடியாது. அவசரத்தில் வெரசா இறக்கியிருப்பாள், வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள் என்று அக்காவிடம் சொன்னேன். உன்மேல் கோபப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

டெனிஸ்

கொடைக்கானல்
2 ஆகஸ்ட் 2024

டெனிஸ்,

மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. நடக்கிறார். இனி என் சேதி.

என்மேல் கோபப்பட வேண்டாம் என்று சொன்னீர்களாமே, ரொம்ப உபகாரம். மதினி கோபப்படவில்லை. அடுப்படிக்குள் நான் வரக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மாமாவுக்குத் தண்ணீர்கூட அவர்தான் மோந்து கொடுக்கிறார். அன்று மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை உங்களுக்கு அப்போதே எழுதியிருந்தேனே. இறக்குகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை. மதினியிடமும் சொன்னேன். அவர் மாமாவைக் கேட்டார். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன்.

நான் பாத்திரத்தை முன்னாடியே இறக்கவில்லை, டெனிஸ். நீங்கள் நம்பவில்லை என்று தெரிந்ததால் நேற்று அதே பாத்திரத்தில் தண்ணீரை ஏற்றி, தோட்டத்துத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் தொண்ணூற்று மூன்று டிகிரிக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. நீங்கள் இருக்கிற குவாங்சோ கடல் மட்டத்தில். அங்கே நூறு.

வத்தலக்குண்டிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வாரம், பருப்பு வேகவில்லை என்று நான் அழுதுகொண்டு நின்றேன். மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு பத்தாது, குக்கர் இல்லாமல் இங்கே எதுவும் வேகாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தது யார்? நீங்கள். பருப்புக்குத் தெரிந்தது விஷ வேருக்கு மறந்துபோயிற்று. எனக்கும் தோன்றவில்லைதான். ஆனால் குக்கரில் வைக்கலாமா என்று கேட்டேன்.

அன்று கொதிக்க வைத்ததில் மீதியிருந்த வேரை மாதிரியாக அனுப்பியிருக்கிறேன். சோதியுங்கள். சோதித்துவிட்டு மதினியிடம் சொல்லுங்கள்.

அனிட்டா

குவாங்சோ
25 ஆகஸ்ட் 2024

என் அன்பு அனிட்டா,

நீ சொன்னது சரி. முழுக்க முழுக்கச் சரி. உன் மாதிரியில் விஷம் நிறையவே மீந்திருந்தது. இங்கே தண்ணீரைத் தொண்ணூற்று மூன்றிலேயே நிறுத்தி வைத்தும் பார்த்தோம். விஷம் உடையும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. மலைப்பகுதிகளில் இந்த வேரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்று யோசித்துப் பார். கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். உன் பெயரும் இருக்கும், என் பெயருக்கு அடுத்ததாக. சந்தோஷம்தானே?

அப்பா விஷயம் கட்டுரையில் வராது. வரவும் முடியாது, காரணம் உனக்கே தெரியும்.

அக்காவிடம் இதைப் போனில் விளக்க முடியாது. ஊருக்கு வரும்போது நேரில் சொல்கிறேன். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
டெனிஸ்

கொடைக்கானல்
15 செப்டம்பர் 2024

டெனிஸ்,

போனில் விளக்க முடியாதா? "அனிட்டா இறக்கவில்லை, நான் சொன்ன முறைதான் தப்பு." இதில் உங்கள் அக்காவுக்கு எந்த வார்த்தை புரியாது? அவள் அவசரத்தில் இறக்கியிருப்பாள் என்று போனில்தானே சொன்னீர்கள்? அது மட்டும் விளங்கியதே.

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக மதினி திண்டுக்கல் போய்விட்டார். போகும்போது பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளிடம் மாமாவுக்குச் சாப்பாடு பேசிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று வேளையும் தூக்குச்சட்டியில் வருகிறது. ஒரே வீட்டில் நான் தனியாகப் பொங்கித் தின்கிறேன், அவர் அடுத்த வீட்டுச் சோற்றைத் தின்கிறார். மாமா என் முகத்தைப் பார்ப்பதில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றபோது ஒரு அம்மா, "மாமனாருக்கு இப்ப தேவலாமா? பாத்துச் செய்யணும் தாயி" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குக் கூசிப்போயிற்று.

நான் எடுத்துச் சொன்னால் அது சமாளிப்பு. நீங்கள் சொன்னால்தான் எடுபடும். கட்டுரையில் என் பெயர் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், இல்லாமலும் போகட்டும். இந்த வீட்டில் என் பெயரைச் சரிசெய்யுங்கள். ஒரு போன் போதும், டெனிஸ். கெஞ்சிக் கேட்கிறேன்.

அனிட்டா

குவாங்சோ
20 அக்டோபர் 2024

அன்பு அனிட்டா,

நல்ல சேதி. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஃபெலோஷிப்பும் இன்னும் ஒரு வருஷம் நீட்டித்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

இணைத்திருக்கிற ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இந்த வாரமே அனுப்பு. ஆசிரியர்கள் எல்லோரும் போட வேண்டும்.

அக்கா விஷயத்தை நினைத்துப் பார்த்தேன். இப்போது சொன்னால், சோதிக்காததை அப்பாவுக்குக் கொடுக்கச் சொன்னது நான்தான் என்பதும் வெளியே வரும். அக்காவுக்கு வாய் நிற்காது. அப்பா பிழைத்துவிட்டார், அதுதானே முக்கியம்? சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதே. நமக்கு நல்ல காலம் இப்போதுதான் தொடங்குகிறது.

டெனிஸ்

கொடைக்கானல்
3 நவம்பர் 2024

டெனிஸ்,

நேற்று கல்லறைத் திருநாள். மதினி வந்திருந்தார். அத்தையின் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றினோம். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். நாங்கள் கிளம்பினோம். மாமா மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"இசபெல்லா, இங்கன வா. உங்கம்மா முன்னால வச்சுச் சொல்றேன். அனிட்டா அன்னைக்குப் பாத்திரத்த முன்னாடியே எறக்கல. ஏத்துன நேரத்துலருந்து எறக்குன நேரம் வரைக்கும், ஆறு மணி நேரமும் நான் அடுப்புப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஞாபகமில்லன்னீங்களேப்பா" என்றார்.

"இருந்துச்சு. அவ எறக்கலன்னா உன் தம்பி சொன்ன மொறதான தப்பு? குடுக்கச் சொன்னதும் அவன்தான். அது அவன் வாயால வரட்டும்னு பாத்தேன். வாராவாரம் போன் போடுறான். மழ பெய்யுதாங்கான், கால் வலி எப்படிங்கான். இத மட்டும் சொல்லல. எம் மகன் பொழப்புக் கெட்டுறக் கூடாதுன்னு இந்தப் புள்ளைய இத்தன நாளும் குத்தவாளியா நிக்க வெச்சுட்டேன்."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சும்மா. அதான் பாக்கல" என்றார்.

நான் அழுதேன். அங்கேயே, ஊர் பார்க்க, சத்தமாக அழுதேன். வீட்டுக்கு வந்ததும் மதினி உலையை ஏற்றிவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எனக்கு அது போதும்.

மாமாமேல் எனக்குக் கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அவர் சொன்னார். தாமதமாகச் சொன்னார், தன்னையும் சேர்த்துச் சொன்னார். நான் உங்களிடம் கேட்டது இவ்வளவுதான். உங்களை நேசித்தேன், டெனிஸ். நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காகத்தான் அந்தக் கஷாயத்தையே கொடுத்தேன். அப்படி இனி யாரையும் நம்ப என்னால் ஆகாது.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள். எச்சரிக்கை நல்ல எச்சரிக்கை, அது வெளியே வரட்டும். உங்கள் பேராசிரியருக்கு நான் எதுவும் எழுதப்போவதில்லை, பயப்பட வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வருவதாக எழுதியதை இன்று மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "நீ வரச் சொன்னா வரட்டும்னு எழுதும்மா" என்றார்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். நான் வரச் சொல்லவில்லை.

அனிட்டா