பத்தில் ஒருத்தி

4 மார்ச் 2025, செவ்வாய்

இன்றும் வேலைக்குப் போகவில்லை. விடியும்போதே வலி ஆரம்பித்துவிட்டது. இரண்டு முறை வாந்தி. சுடுதண்ணீர்ப் பை வைத்து வைத்து அடிவயிற்றுத் தோல் கறுத்துக் கிடக்கிறது. இன்று அதற்கும் அடங்கவில்லை. தேயிலை பேக்கிங் சூப்பர்வைசர் ரஞ்சிதம் அக்காவுக்குப் போன் செய்தேன். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே குமுதா. மாசாமாசம் எம்சி லீவு எடுத்தா மேனேஜருக்கு நான் என்னா சொல்றது?"

எல்லாருக்கும் வருகிறதென்றால் மற்றவர்கள் எப்படி நிற்கிறார்கள்? நான்தான் தாங்கத் தெரியாதவளா?

5 மார்ச்

குனிந்தபடியே குளியலறைக்குப் போய்வந்தேன். இன்றைக்கு அவ்வளவுதான்.

16 மார்ச், ஞாயிறு

கோயிலில் அத்தை எனக்காக வேண்டிக்கொண்டார், என் காதில் விழட்டும் என்றே சத்தமாக. கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை.

அத்தைக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவர் மகன் விமலன் நெருங்கினாலே எனக்கு உள்ளே கத்தி இறங்குவதுபோல வலிக்கிறது. முன்பு பல்லைக் கடித்துக்கொள்வேன். இப்போது ஏதாவது சாக்குச் சொல்கிறேன். இன்று லோரியை எடுக்கப் போகும்போது என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "என்னைப் புடிக்கலைன்னா சொல்லிடு குமுதா."

பிடிக்காமலா? சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் அவரிடம் நீட்டினேன்.

2 ஏப்ரல்

பேக்கிங் மேசை அருகிலேயே விழுந்துவிட்டேன். கிளினிக்கில் வழக்கமான ஊசி, பனடால் மாத்திரை. ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார், டாக்டருக்குப் பதிலாக அங்கே மருந்து கொடுக்கும் டிரசர். அதுதானே முடியவில்லை.

3 ஏப்ரல்

முப்பத்தொரு வயசு. இன்னும் இருபது வருஷம் இப்படியேவா? முடியாது. என்னால முடியாது. யார்கிட்ட போய்ச் சொல்ல — இந்த வயித்த அறுத்து எறிஞ்சிட்டா என்ன?

29 ஏப்ரல்

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் காய்கறி ஏற்ற வேண்டுமாம். அதனால் விமலன் அங்கே அவர் அண்ணன் வீட்டிலேயே தங்கிக்கொள்கிறார். முதல் வாரம் நம்பினேன்.

6 மே

மறுபடி விழுந்தேன். இந்த முறை ரஞ்சிதம் அக்காவே பயந்துபோய், தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சின்ன வயது டாக்டரம்மா, மலாய்க்காரர். வெளிக்குப் போகும்போது வலிக்குமா, புருஷனோடு இருக்கும்போது வலிக்குமா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாமாம். கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வைப் போன்ற ஒன்று வெளியேயும் வளருமாம். மாதாமாதம் அதுவும் கசியும், ஆனால் வெளியேற வழியில்லை. உள்ளேயே புண்ணாகி ஒட்டிக்கொள்ளும். பத்துப் பெண்களில் ஒருத்திக்கு இருக்கிறதாம்.

பேக்கிங்கில் நாங்கள் முப்பது பேர். அப்படியென்றால் மற்ற இரண்டு பேர் யார்? எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பல்லைக் கடிக்கிறார்கள்?

19 ஜூன்

ஈப்போவில் ஸ்கேன். இரண்டு பக்கச் சினைப்பையிலும் கட்டி. விமலன் கூட வந்தார். அறைக்குள் வரமாட்டார் என்று நினைத்தேன், வந்து உட்கார்ந்தார். தாம்பத்தியத்தில் வலிப்பது இந்த நோயால்தான் என்று டாக்டர் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும்போது பாதி மலை ஏறியிருந்தோம். விமலன் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலங்க."

"நான் என்னென்னமோ நெனச்சிட்டேன் லா குமுதா." இன்று வீட்டில்தான் இருக்கிறார்.

24 ஜூலை

ஆபரேஷன் முடிந்தது. ஒரு சினைப்பையைக் காப்பாற்ற முடியவில்லை. நோய் திரும்பவும் வரலாம். குழந்தை — சொல்ல முடியாது என்கிறார்கள். அத்தையிடம் விமலனே சொல்லிவிட்டார். அத்தை இன்னும் என்னிடம் பேசவில்லை.

படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழக்கூடத் தையல் விடவில்லை.

7 அக்டோபர்

இன்று எனக்கு மாதவிலக்கு வந்தது. வலி இருக்கிறது, ஆனால் நிற்க முடிந்தது. வேலைக்குப் போனேன்.

பத்து மணி இடைவேளையில், புதிதாகச் சேர்ந்த தனுஜா தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். முகம் சாம்பலாக இருந்தது. கூட நின்றவர்கள் வெந்நீர் குடிக்கச் சொன்னார்கள். ரஞ்சிதம் அக்கா என்னைத் தனியே அழைத்தார். "நீயே இவளைக் கூட்டிட்டுப் போ. அந்த டாக்டரம்மாவைத்தான் பாக்கணும்." போகத் திரும்பிய என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு முப்பத்தாறு வயசுல கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க. என்னா நோய்னு அப்ப நான் கேக்கக்கூட இல்ல."

பஸ்ஸில் தனுஜா கேட்டாள், "சரியாயிடுமாக்கா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "எனக்கு முழுசாப் போகலம்மா. ஆனா வேலைக்கு வர்றேன் பாரு" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பஸ் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாக வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.