மிச்சமான போல்ட் யாருடையது?

அப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கடைச் சாவி ஆணியில் தொங்குகிறது. என் கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

நேற்று கடையில் நம் ஸ்கூட்டரைப் பிரித்து மாட்டினேன், ஒரு போல்ட் மிச்சமானது, எல்லாம் சரி. அதற்காக வந்தவர் போனவரிடமெல்லாம், "ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஒரு போல்ட்டுக்கு இடம் தெரியல" என்று சொல்லிச் சிரிப்பீர்களா? நானும் சேர்ந்து இளித்தேன். அழுதால் மூக்கு சிவந்து இன்னும் அசிங்கமாக இருப்பேனே!

விடிந்ததும் கடைக்குப் போய் மறுபடி பிரித்துப் பார்த்தேன். நம் வண்டியில் ஒரு போல்ட்டும் குறையவில்லை. குறைந்தது பக்கத்தில் ரிப்பேருக்கு நின்ற டீச்சரம்மா வண்டியில். நேற்று அதற்கு பிரேக் மாற்றியது யார்? நீங்கள்தான்! கழற்றிய போல்ட்டை, நான் போல்ட்டுகளைப் போட்டு வைத்திருந்த தட்டில் போட்டதும் நீங்கள்தான்!

நானே அதை மாட்டி முறுக்கிவிட்டேன். டீச்சரம்மா பத்து மணிக்கு வருவதற்குள் நீங்களும் ஒருமுறை பாருங்கள். அப்புறம், நேற்று சிரித்த அதே ஆட்கள் முன்னால், "தப்பு என்னுது, என் பொண்ணுது இல்ல" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சாயங்காலம் காலேஜ் விட்டு வந்து விசாரிப்பேன்.

பி.கு.: மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். சண்டை உங்களோடுதான், உங்கள் பிரஷரோடு இல்லை.