ஹெல்வி அத்தையின் முப்பத்தேழு ஹெக்டேர்

ஹௌகிலம்பி,
அக்டோபர், ஞாயிறு காலை

செல்ல மகள் சைலாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, நாய் முர்ரி மூன்று பேரும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்கான காரணம் கடிதத்தின் கடைசியில் வரும். அங்கே சிகாகோவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பிரார்த்தனை. எட்டு மாதமாக நீ போன் செய்யும்போதெல்லாம் போனை அம்மா கையில் திணித்துவிட்டு விறகுக் கொட்டகைக்குப் போய்விட்ட மனிதன் இன்று பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறான் என்றால் விஷயம் பெரிது என்று புரிந்துகொள். நேற்று எல்க் மான் வேட்டை ஆரம்பித்துவிட்டது சைலா! நம் வேட்டைச் சங்கத்துக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது, அதுவும் உன் கையெழுத்து இல்லாமலே கிடைத்துவிட்டது! உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், நானே சொல்ல வேண்டும் என்ற வீம்பு. சந்தோஷத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. 'மெதுவா எழுதுங்க, பேனா ஒடஞ்சிடப் போகுது' என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்கிறாள்.

பிப்ரவரியில் வந்த உன் கடிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் அக்கா ஹெல்வி தன் காட்டை உனக்கு எழுதிவைத்துவிட்டுப் போனபோது எனக்கு எவ்வளவு பெருமை, காடு நம் வீட்டிலேயே இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேட்டைக்கு நிலம் விடும் ஒப்பந்தத் தாளை உனக்கு அனுப்பியபோது நீ கையெழுத்துப் போடுவாயா மாட்டாயா என்ற யோசனைகூட எனக்கு வரவில்லை. நீ மூன்று வரி எழுதியிருந்தாய். துப்பாக்கி ஏந்திய யாரும் என் காட்டில் கால் வைக்கக் கூடாது, தினமும் குண்டு பாய்ந்த உடம்புகளைத் தைத்துக்கொண்டிருக்கிற நான் இதில் கையெழுத்துப் போட முடியாது, அப்பா உங்கள் துப்பாக்கிகளையும் போலீஸில் ஒப்படைத்துவிடுங்கள் என்று. அதைப் படித்துவிட்டு நீராவிக் குளியல் போடும் நம் சௌனாவுக்குள் போய் உட்கார்ந்தேன், அடுப்பு மூட்டவில்லை என்பதே ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது. கோபமா வருத்தமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரே துண்டாக ஆயிரம் ஹெக்டேர் இருந்தால்தான் எல்க் லைசென்ஸ் என்பது உனக்கும் தெரியும். நம்மிடம் இருந்தது ஆயிரத்துப் பன்னிரண்டு. அத்தையின் முப்பத்தேழு போனால் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து. அதாவது ஒரு எல்க்கூடக் கிடையாது, என் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் ஆரம்பித்த சங்கம் அத்தோடு காலி, மூடினவன் தலைவர் ரெய்யோவாகிய நான், காரணம் தலைவர் பெற்ற மகள்.

ஏப்ரலில் பழைய பள்ளிக்கூடத்தில் கூட்டம். உன் கடிதத்தை நானே நின்று வாசித்தேன், ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. பிறகு நம் பென்த்தி, அதுதான் லாரி ஓட்டுகிற பென்த்தி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன், 'அடேங்கப்பா, தலைவர் பொண்ணே தலைவருக்கு வேட்டு வெச்சிருச்சேப்பா!' என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். சிரிப்பு அடங்கியதும், 'போனப் போட்டு ஒரு அதட்டு அதட்டுய்யா, அப்பன் பேச்சக் கேக்காமயா போயிரும்' என்றான். உண்மையைச் சொல்கிறேன், அதுவரை எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவன் வாயால் கேட்டதும் சுருக்கென்றது. 'ஏண்டா பென்த்தி, நாளைக்கு எவனாவது ஒன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, ஒன் அலமாரியில இருக்குற துப்பாக்கியக் குடுத்துருன்னு அதட்டுனா என்ன சொல்லுவ?' என்று கேட்டேன். 'போய்யா, போய் ஒன் வேலையப் பாருன்னு சொல்லுவேன்' என்றான். 'எம் பொண்ணும் அதத்தானடா சொல்லியிருக்கா. அவ காடு, அவ பேச்சு. நம்ம உரிமைன்னா தொண்டை கிழியக் கத்துவோம், அவ உரிமைன்னா அதட்டுவோமா?' என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சைலா, மனசுக்குள் அழுதுகொண்டுதான் சொன்னேன். உன்னை விட்டுக்கொடுத்துவிட்டுச் சங்கத்தைக் காப்பாற்றவும் மனமில்லை, சங்கம் போவதைப் பார்க்கவும் தெம்பில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். யார் தெரியுமா? ஓர்வொக்கி! ஏரிக்கரையில் மண்பாண்டம் செய்துகொண்டு தனியாக இருக்கிறாளே, இருபது வருஷமாக நம்மைக் 'கொலகாரப் பயலுக' என்று கடைத்தெருவில் வைத்தே திட்டுகிறவள், மாமிசம் தொடாதவள், வேட்டை விருந்துக்குக் கூப்பிட்டால் கதவைச் சாத்துகிறவள், அதே ஓர்வொக்கி. அவள் வந்து உட்கார்ந்ததையே நான் கவனிக்கவில்லை. 'என்னோட இருபத்தெட்டு ஹெக்டேர எடுத்துக்கங்க' என்றாள். பென்த்தி வாயைத் திறந்தவன் மூடவே இல்லை! நம் எல்லையோடு ஒட்டிய நிலம் அது. தொள்ளாயிரத்து எழுபத்தைந்தும் இருபத்தெட்டும் எவ்வளவு? ஆயிரத்து மூன்று! நான் மேஜையை ஓங்கித் தட்டியதில் காபிக் கோப்பை கவிழ்ந்தது. ஏன் என்று யாரோ கேட்டார்கள். போன நவம்பரில் அவள் கார் ஒரு பெண் எல்க் மீது மோதியது. முன்னங்கால் இரண்டும் முறிந்து அது சாலையோரம் கிடந்து கத்த, அடிபட்ட மிருகம் என்றால் கூப்பிடுகிற வழக்கப்படி போலீஸ் எனக்குப் போன் செய்து, நான் துப்பாக்கியோடு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஒரே குண்டில் முடித்தேன், தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றேன், அவளுக்கு என் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். கூட்டத்தில் அவள் சொன்னது இவ்வளவுதான், 'அன்னைக்கி என் கையில துப்பாக்கி இல்லியேன்னு நெனச்சேன். அப்பிடி நான் நெனப்பேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா ஒங்க விருந்துக்கு மட்டும் கூப்புடாதீங்க, நான் வர மாட்டேன்.' ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பக்கம் வெடிச் சத்தமே கேட்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டாள், சரி என்றோம்.

இப்போது உன் கையெழுத்து எனக்குத் தேவையில்லை, அதனால் கெஞ்சுகிறவனாக இல்லாமல் தலை நிமிர்ந்து உனக்குப் பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ அங்கே பார்க்கிறதை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நானும் அந்த மூன்று வரியைத்தான் எழுதியிருப்பேனோ என்னவோ. நம் நாட்டிலும் துப்பாக்கியால் கொடுமைகள் நடந்தன, அந்த நாட்களில் நானும் அலமாரியைத் திறந்து என் துப்பாக்கிகளைப் பார்க்கக் கூசி நின்றேன், மறைக்கவில்லை. ஆனால் கண்ணு, என் வீட்டில் இருக்கும் மூன்றுக்கும் தனித்தனியாக நான் போலீஸிடம் போய் ஏன் வேண்டும், எதற்கு வேண்டும் என்று பதில் சொல்லியிருக்கிறேன். மூன்றும் இரும்பு அலமாரியில், சாவி எங்கே என்று அம்மாவுக்கே தெரியாது. எவனையும் மிரட்ட அதை எடுத்ததில்லை, எவனுக்கும் பயந்தும் எடுத்ததில்லை. தகுதி இல்லாதவனுக்குக் கொடுக்காதே என்று சொல், உன்னோடு சேர்ந்து நானும் கையைத் தூக்குகிறேன். ஒழுங்காக வைத்திருக்கிறவனிடமிருந்து பிடுங்கு என்றால் அங்கே நான் உனக்கு எதிர்க்கட்சிதான். எழுபத்தொரு வயதில் இந்தக் கோடையில் மறுபடி சுடும் பரீட்சைக்குப் போய் நின்றேன் தெரியுமா, பலகையில் வரைந்த எல்க்கின் நெஞ்சுக்குள் நான்கு குண்டும் ஒன்றரை நிமிஷத்தில் விழ வேண்டும். முதல் தடவை தோற்றேன், இரண்டாம் தடவையும் தோற்றேன். பென்த்தி, 'பேசாம முள்ளங்கி நடப் போயிருய்யா' என்றான். மூன்றாவதில் நான்கும் நெஞ்சுக்குள்! நேராகச் சுடத் தெரியாவிட்டால் காட்டுக்குள் விட மாட்டோம் என்கிற ஊர் இது, அதில் எனக்குப் பெருமைதான்.

இனி நேற்று நடந்ததைக் கேள், அதற்காகத்தான் கை பரபரக்கிறது. கோடையிலேயே உன் காட்டைச் சுற்றி மரத்துக்கு மரம் நானே நீல ரிப்பன் கட்டிவிட்டேன், அதைத் தாண்டித் துப்பாக்கி போகக் கூடாது என்று சங்கத்துப் பதினான்கு பேரிடமும் சொல்லியாயிற்று. காலை ஒன்பதரை மணிக்கு முர்ரி ஒரு கொம்பன் எல்க்கைக் கிளப்பினான். அடடா, என்ன கொம்பன் சைலா, ஒரு பக்கக் கொம்பிலேயே ஒன்பது கிளை! வாக்கி-டாக்கியில் எல்லோரும் ஒரே கூச்சல். என்னை நோக்கியே வருகிறது, நூறு அடி, எண்பது அடி, நான் துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன், அதற்குள் அது மடங்கி நீல ரிப்பனைத் தாண்டி உன் காட்டுக்குள் போய் நின்றுகொண்டது. நின்றுகொண்டது என்றால் நகரவே இல்லை! முர்ரிக்கு ரிப்பன் தெரியுமா, கையெழுத்து தெரியுமா, அவன் பாட்டுக்கு அதன் முன்னால் நின்று குரைக்கிறான், அதுவும் தலையைத் தாழ்த்திக்கொண்டு அவனையே முறைக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிகிறது, பச்சைக் குழந்தைகூடக் குறி தப்பாது. பென்த்தி என் பக்கத்தில் ஓடி வந்து காதோரமாக, 'சுடுய்யா, சிகாகோவுல கேக்கவா போகுது' என்றான். கேலியாகச் சொன்னானா நிஜமாகச் சொன்னானா தெரியவில்லை, எனக்கு ஆசை இல்லாமலும் இல்லை, விரல் விசையில்தான் இருந்தது. துப்பாக்கியைத் தாழ்த்தினேன். குண்டுகளை எடுத்துப் பையில் போட்டேன். துப்பாக்கியை அவன் கையில் கொடுத்துவிட்டு, நாயின் கழுத்துப் பட்டைக் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரிப்பனுக்குள் போனேன். 'யோவ், பைத்தியமாய்யா நீ, மிதிச்சிரும்யா' என்று அவன் கத்தினான். பின்னே நாயை அங்கேயே விட்டுவிட்டு வர முடியுமா?

ஐம்பது வருஷமாக எல்க்கின் முன் நிற்கிறேன், வெறுங்கையோடு நின்றது நேற்றுத்தான் முதல் தடவை. பயந்துபோனேன் சைலா, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பத்தடி தூரத்தில் அதன் மூச்சு ஆவியாக வருகிறது, காது இரண்டும் பின்னால் மடிந்திருக்கிறது. மெல்ல முர்ரியின் பின்னாலிருந்து போய்ப் பட்டையைப் பிடித்துக் கயிற்றை மாட்டினேன், அவன் இழுத்த இழுப்பில் ஒரு வேரில் தடுக்கி முழங்கால் பாறையில் மோதியது, விழுந்தபடியே கிடந்தேன். கொம்பன் என்னைப் பார்த்தது. பிறகு இந்தக் கிழவனோடு என்ன பேச்சு என்பதுபோல் திரும்பி அத்தையின் பழைய வைக்கோல் கொட்டகைப் பக்கம் நடந்து போய்விட்டது. நான் நொண்டிக்கொண்டே ரிப்பனுக்கு வெளியே வந்தேன். பென்த்தி இரண்டு துப்பாக்கிகளையும் திறந்து குண்டு இல்லாமல் தோளில் போட்டுக்கொண்டு நின்றான், அவன் முகம் வெளுத்திருந்தது. 'ஒம் பொண்ணுகிட்ட சொல்லு, நாங்க யாரும் உள்ள போவலன்னு' என்றான். அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். மதியம் வேறோர் இளம் எல்க் கிடைத்தது, அம்மா இப்போது அதைத்தான் வேகவைக்கிறாள், வீடெல்லாம் மணக்கிறது.

குளிர் தொடங்கும் முன் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள். ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொள். அம்மா பின்னிய கம்பளிக் கையுறையைத் தனிப் பார்சலில் அனுப்புகிறோம், கட்டைவிரல் பெரிதாக இருந்தால் அவளிடம் சொல்லாதே. அடுத்த போனில் நான்தான் எடுப்பேன், கொட்டகைக்கு ஓட மாட்டேன், நீ என்னோடு சண்டை போடலாம், நானும் போடுவேன். உன் கையால் தைக்கப்படுகிற ஒவ்வொரு உயிரும் பிழைக்கட்டும், உன் மனசுக்கு நிம்மதி கிடைக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இரு. ஒன்றை நினைவில் வைத்துக்கொள். கவரைக் கவிழ்த்துத் தேடாதே, ஒப்பந்தத் தாளை இதில் வைக்கவில்லை. மனசு மாறினால் நீயே கேட்டு வாங்கிக்கொள். மாறாவிட்டால் பரவாயில்லை, கால் உள்ளவரை ஒவ்வொரு அக்டோபரிலும் உன் காட்டுக்குள் வெறுங்கையோடு வந்து நாயைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

என்றும் உன்னோடு சண்டை போடுகிற, உன் பக்கம் நிற்கிற
அப்பா ரெய்யோ