சீட்டைப் பிடித்திருக்கும் காந்தம்

ஏங்க,

நீங்கள் நடக்கக் கிளம்பியதும் வாசல் மணி அலறியது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வந்தவர் உங்களுக்குப் பழங்காசு விற்கும் வியாபாரி. சாயங்காலம் உங்கள் தலையில் கட்டப்போகும் இருநூறு வருஷத்து வெள்ளிக்காசை என்னிடமே பெருமையாகக் காட்டினார்.

கண்ணாடி மாதிரி பளபளக்கிறது! உங்கள் செப்புக்காசை நான் பாத்திரப்பொடி போட்டுத் தேய்த்ததற்கு, "தேய்ச்சா மதிப்பே போச்சுடி!" என்று இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பாடம் எனக்கு மட்டும்தானா? மகளுக்குச் சைக்கிள் வாங்கச் சேர்த்த பணத்தையா இதில் கொட்டுவது?

பீரோ சாவியை என் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன், தேட வேண்டாம். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கோபத்தை மறந்து சாப்பிடுங்கள்.

காசு சேர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு கடை ஏறி, நல்ல காசுகளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகுங்கள். ரசீது தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்.

பி.கு.: இந்தச் சீட்டைப் பிடித்திருக்கும் ஃப்ரிட்ஜ் காந்தத்தை அந்தக் காசுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். லபக்கென்று ஒட்டிக்கொண்டது. "வெள்ளி காந்தத்துல ஒட்டுமாண்ணே?" என்று கேட்டேன்.

பாவம், மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. "சார் இதெல்லாம் கேக்கவே மாட்டாரேம்மா!"