சக்கரமும் ஹெட்லைட் பல்பும்

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவின் சக்கரம் இன்று ஓடிவிட்டது.

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேதியியல் தேர்வு, அதைப் படிக்க வேண்டும். ஆனால் இதை எழுதாமல் தூக்கம் வராது.

பழைய சைக்கிளின் முன்சக்கரம்தான். அதை ஒரு பலகைமேல் நிறுத்தி, விளிம்பைச் சுற்றி, உடைந்த ஸ்பீக்கர்களிலிருந்து எடுத்த காந்தங்களை அம்மா ஒட்டியிருக்கிறாள். அடியில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில். மோட்டார் கடையில் ஃபேனுக்கும் பம்புக்கும் நாள் முழுக்கக் காயில் கட்டுகிற கை, அதனால் அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காயில் பக்கத்தில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் கிட்டே வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். உடனே பேட்டரியிலிருந்து காயிலுக்குள் கரண்ட் பாயும். காயில் காந்தத்தை ஒரு தள்ளு தள்ளும். காந்தம் விலகினால் தகடுகள் பிரியும். அதற்குள் அடுத்த காந்தம் வந்துவிடும்.

அம்மா விரலால் லேசாகத் தட்டினாள். சக்கரம் கொஞ்சம் தயங்கியது. பிறகு தானாக வேகம் பிடித்தது. ஆரக்கால்கள் கரைந்து வெறும் வெளிச்சமாக ஆகிவிட்டன. யாரும் தொடவில்லை. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி இருக்கிறது, அதில் எதுவுமே இல்லை. எதுவும் இல்லாத இடத்திலிருந்து யார் தள்ளுகிறார்கள்?

அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கில் குழாய். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, "எலி... இதுக்கு... லைசென்ஸ் வாங்கியாச்சா?" என்றார். ராத்திரியில் போர்வைக்குள் பரபரவென்று சத்தம் கேட்கிறதாம், அதனால் நான் எலி.

மார்ச் 5, புதன்

அம்மா ஏன் இதைச் செய்கிறாள் என்று எழுதி வைக்க வேண்டும்.

அப்பா டைல்ஸ் அறுத்த தூசி முழுக்க அவர் நெஞ்சில்தான் இருக்கிறது. மூச்சு மெஷின் ஓடினால்தான் அவரால் படுத்துத் தூங்க முடியும். கரண்ட் போனால் மெஷினைப் பேட்டரியில் மாட்டுவோம். அது மாமாவுடையது. அம்மாவின் அண்ணன், கார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் நான் அப்பாவின் மார்பைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஏறுகிறதா. இறங்குகிறதா. ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணுவேன். யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவின் கணக்கு இது: பலகையின் முன்னால் ஒரு பேட்டரி, பின்னால் ஒரு பேட்டரி. முன் பேட்டரி சக்கரத்தை ஓட்டும். காயிலில் கரண்ட் அறுபடும்போதெல்லாம் அது ஒரு பொறியைத் திருப்பித் துப்பும். அந்தப் பொறியைப் பிடித்துப் பின் பேட்டரியில் போட வேண்டும். காலையில் இரண்டையும் மாற்றி மாட்டினால் போதும், எப்போதும் ஒன்று நிறைந்தே இருக்கும். சக்கரத்துக்கென்று அம்மா வாங்கின இந்தப் பேட்டரி இரண்டும் பழையவை, ஆனால் மீட்டரில் வைத்தால் இரண்டுமே நிறைந்ததாகத்தான் காட்டுகின்றன.

சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு, "இங்க வாடி, ஒண்ணு காட்டறேன்" என்று கூப்பிட்டாள். வீட்டுக் கரண்டைப் பார்க்கிற டெஸ்டரை எடுத்துக் காயில் முனையில் வைத்தாள். டெஸ்டருக்குள் ஆரஞ்சு வெளிச்சம் எரிந்தது! பேட்டரியில் நேராக வைத்தால் அது எரியவே எரியாது. இத்தனூண்டு பேட்டரியிலிருந்து இவ்வளவு பெரிய உதை எப்படி வந்தது? அம்மா முகத்தில் அந்த ஆரஞ்சு விட்டுவிட்டு விழுந்தது. அவள் சின்னப் பெண் மாதிரி இருந்தாள்.

மார்ச் 8, சனி

மாமா வந்தார். வாசலிலேயே, "என்ன, ராட்டினம் எப்படிப் போகுது? டிக்கெட் போட்டாச்சா?" என்று ஆரம்பித்தார். அம்மா காயிலில் வார்னிஷ் தடவிக்கொண்டிருந்தாள். கடையில் ஒரு வண்டிக்குப் பேட்டரி தேவைப்படுகிறது, தன்னுடையது இங்கே சும்மாதானே கிடக்கிறது என்று இழுத்தார். அம்மா நிமிரவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போண்ணா. எனக்கு என் சக்கரம் இருக்கு."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

மார்ச் 11, செவ்வாய்

கரண்ட் போகவில்லை. சக்கரம் ஓடுகிறது. எனக்கு அதன் சத்தம் இல்லாமல் படிப்பு ஓடமாட்டேன் என்கிறது.

மார்ச் 12, புதன்

தப்பு செய்துவிட்டேன். என்ன செய்வேன்?

சாயங்காலம் கரண்ட் போயிற்று. அம்மா இன்னும் கடையிலிருந்து வரவில்லை. அப்பாவை மாமா பேட்டரியில் மாட்டினேன். நாளைக்கு இயற்பியல், ஒரு பாடம் மிச்சம். பின் பேட்டரி நிறைந்திருக்கிறது, கொஞ்சம் எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். அப்பா விற்ற வண்டியின் ஹெட்லைட் பல்பு ஒன்று பரணில் இருந்தது. அதை மாட்டினேன். பளீரென்று எரிந்தது. ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் மஞ்சளானது. அடுத்த பக்கத்தில் பல்புக்குள் இருக்கிற கம்பி மட்டும் சிவந்து கிடந்தது. பிறகு இல்லை.

அப்பாவுக்கு என்று வைத்த மூச்சை நான் குடித்துவிட்டேன். ஒரு பாடத்துக்காக.

எல்லாக் கம்பியையும் பழையபடி மாட்டிச் சக்கரத்தைத் தட்டிவிட்டேன். அம்மா வந்ததும் மீட்டரைத்தான் பார்ப்பாள். கடவுளே.

மார்ச் 13, வியாழன்

அம்மா பார்த்தாள். நிறைந்திருக்கிறதாம். "பாருங்க, எப்படி ஏறி நிக்குதுன்னு" என்று அப்பாவிடம் காட்டினாள்.

எனக்கு உயிர் வந்தது. அப்புறம், பரீட்சை அறையில் உட்கார்ந்திருக்கும்போது, வந்த உயிர் திரும்பப் போய்விட்டது. காலியானது ஒரே ராத்திரியில் எப்படி நிறையும்? முன் பேட்டரி அந்த அளவுக்கு இறங்கவே இல்லையே. நிஜமாகவே எங்கிருந்தோ வருகிறதா? அப்படி இருந்தால் எவ்வளவு பெரிய விஷயம்! இல்லையென்றால்?

மார்ச் 14, வெள்ளி

பள்ளியிலிருந்து ஓடி வந்து மறுபடி பல்பை மாட்டினேன். பளீர். மஞ்சள். சிவப்பு. போய்விட்டது. இந்தத் தடவை இன்னும் சீக்கிரம்.

கம்பியைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தேன். எண் தானாக ஏறியது. சக்கரம் நிற்கிறது, எதிலும் இணைப்பு இல்லை, எண் மட்டும் மெல்ல மெல்ல ஏறி, நிறைந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பேட்டரிக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் வேலை கொடுக்காமல் கேட்டால் நிறைய இருக்கிறது என்றுதான் சொல்கிறது. அம்மா ஒரு நாளும் அதற்கு வேலை கொடுத்துக் கேட்டதில்லை. சக்கரம் இழுப்பதோ ஒரு துளி.

முன் பேட்டரியிலும் மாட்டினேன். அதே கதைதான்.

நாளை மறுநாள் மாமா வருகிறார்.

நான் திரும்பியபோது அப்பா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சந்தேகம். அவ சிரிச்சு... எத்தன நாளாச்சு. நான் எப்படி... கெடுக்க?"

"நான் மட்டும் கெடுக்கலாமா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

மார்ச் 15, சனி

வாயால் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

அம்மா கை கழுவிவிட்டு வந்ததும் பல்பை எடுத்துப் பின் பேட்டரியில் மாட்டினேன். "ஏய், என்னடி பண்ற, அது அப்பாவுக்கு வெச்சது" என்று அருகில் வந்தாள். "பாரும்மா. கொஞ்ச நேரம் பாரு" என்று மட்டும் சொன்னேன். அவள் நின்றாள். மூன்று பேரும் பல்பைப் பார்த்தோம். மூச்சு மெஷினின் சத்தம் மட்டும். மஞ்சள் வந்தபோது அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிவப்பு வந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கழற்றி மீட்டரை அவள் கையில் கொடுத்தேன். எண் ஏறுவதை அவளே பார்த்தாள். முழுதும் ஏறி நிற்கும்வரை பார்த்தாள்.

அழுவாள், இல்லை அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்துபோய் அதே பல்பை மாமாவின் பேட்டரியில் மாட்டினாள். எரிந்தது. சமைத்தாள், சாப்பாடு போட்டாள், பாத்திரம் தேய்த்தாள். எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் சேலைத் தலைப்பால் பிடித்துக் கழற்றினாள்.

"சுட்டுடுச்சாம்மா?"

"இல்ல. படு."

பிறகு என்னைத் தாண்டிப் போகும்போது, "அவருக்கு நடுராத்திரி மெஷின் நின்னிருந்தா..." என்றாள்.

அவள் அந்தப் பக்கம் தூங்கவில்லை என்று தெரியும். நானும்தான்.

மார்ச் 16, ஞாயிறு

மாமா ஸ்பேனரோடு வந்தார். வாயில் ராட்டினப் பேச்சு தயாராக இருந்தது. அம்மா வாசலிலேயே போய் நின்றாள். அவள் யாரிடமும் ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அண்ணா, நான் தப்பா அளந்துட்டேன். சக்கரம் சுத்துது, ஆனா அவருக்கு மூச்சு விட அது பத்தாது. உன் பேட்டரி எனக்கு வேணும்."

மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று எனக்குக் காதெல்லாம் சூடானது. அவர் ஸ்பேனரை ஜன்னல்மேல் வைத்துவிட்டுச் சக்கரத்தின் முன்னால் குந்தினார். விரலால் ஒரு தட்டு தட்டினார். அது தயங்கி, வேகம் பிடித்து, ஆரக்கால் கரைந்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நடுவே விட்டுப் பார்த்தார். கீழே குனிந்து பார்த்தார்.

"எதுவும் தொடலையே. இத நீயா பண்ண?" என்று அம்மாவிடம் கேட்டார். கிண்டல் இல்லை.

டீ ஆறிப்போயிற்று. கடைக்கு வேறு பேட்டரி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்பேனரை மறந்துவிட்டார்.

மார்ச் 29, சனி

பரீட்சை முடிந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் போயிற்று, இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் அம்மா தினமும் சாயங்காலம் மாமா பேட்டரியில் ஹெட்லைட் பல்பை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் சமைக்கப் போகிறாள். அதற்கென்றே சுவரில் ஆணி அடித்திருக்கிறாள். மீட்டரை டப்பாவில் போட்டுவிட்டாள். இன்று கரண்ட் போனதும் நான்தான் அப்பாவை மாட்டினேன். மார்பைப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது. எண்ணவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திவிட்டேன்.

சக்கரத்தைப் பிரித்துவிடுவாள் என்று பயந்திருந்தேன். பிரிக்கவில்லை. பின் பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சின்னச் சின்ன விளக்குகளை வரிசையாகக் கட்டியிருக்கிறாள். காயில் துப்புகிற பொறி இப்போது அவற்றுக்குப் போகிறது. முன் பேட்டரியில் இருப்பது தீர்ந்தால் நின்றுவிடும், எல்லோருக்கும் தெரியும். அதனால் எனக்கு அதிசயம் ஒன்றும் குறையவில்லை. அந்தக் காகித இடைவெளியில் இன்னும் எதுவும் இல்லை. இன்னும் தள்ளுகிறது.

டார்ச் இல்லாமல் மேசையில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். அம்மா பார்த்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. பலகையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"நின்னுடுச்சுன்னா சொல்லு. வேற பேட்டரி மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். சொன்ன கையோடு தூங்கிவிட்டாள்.

அப்பா இருட்டிலிருந்து, "எலி... வளைய விட்டு... வெளிய வந்துடுச்சா?" என்றார்.