வழக்குக்காரி வரவில்லை

1938, ஆடி மாதம், செவ்வாய் இரவு. வில்லியனூர்.

வழக்கு ஜெயித்துவிட்டது. பெண் என்பதற்காக என் மகள் அமலோற்பவத்துக்கு இடமில்லை என்று சர்க்கார் கல்லூரி சொன்னது செல்லாதாம்.

தீர்ப்பை வாசித்து முடித்த வெள்ளைக்கார நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ கேட்டார். "அந்தப் பெண் எங்கே?" என்று துபாஷி தமிழில் சொன்னார். வீட்டில் இருக்கிறாள் என்றேன். பெண்பிள்ளையைக் கோர்ட்டுக்கு அழைத்துப்போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. எல்லா வாய்தாவுக்கும் நான் மட்டும்தான் போனேன். இன்றுவரை அது எனக்கு உறுத்தவே இல்லை. நீதிபதி தலையை ஆட்டிவிட்டு அடுத்த வழக்கை எடுத்துக்கொண்டார்.

வரும் வழியில் அல்வா வாங்கினேன். பொழுது சாய வீடு வந்தபோது அவள் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "ஜெயிச்சிட்டோம்மா" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு பொட்டலத்தை வாங்கினாள். நீதிபதி கேட்டதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் நிதானமாகத்தான் கேட்டாள்:

"அப்போ கிளாசுக்கும் நீயே போய் ஒக்காந்துக்கினு வருவியா, நைனா?"

பொட்டலம் இன்னும் பிரிக்காமலே இருக்கிறது.